பத்திரிகைப் படத்தில் ஒரு தப்பு

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகைக்குன்னு நீ வரைஞ்சு அனுப்பின படம் திங்கக்கெழமையே வந்து சேந்துடுச்சு. இன்னும் பதில் வரலியேன்னு நீ அங்க மெட்ராஸ்ல கையப் பெசஞ்சிக்கிட்டு இருப்பே. அச்சாபீஸ்காரர் வேற உன்ன நெருக்குவாரு. எல்லாம் தெரியுது. நான் சும்மா இருந்துடல. எழுத உக்காருறதும் கிழிச்சுப் போடுறதுமா இருக்கேன். உங்கம்மா முருங்கக்கீரை உருவிக்கிட்டே, "என்னாங்க, பேப்பரு சும்மாவா வருது, இப்படிக் கிழிச்சுக்கிட்டே இருக்கீங்க"ன்னு கேக்குறா. நல்ல எழுத்துத் தமிழ்ல ஆரம்பிச்சா கம்பெனிக்கு லீவு கேட்டு எழுதுறாப்பல வந்துடுது. அதனால இந்தத் தரம் வாயில வர்றத அப்படியே எழுதிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

படத்துக்குப் பின்பக்கம் நீ எழுதியிருந்தத உங்கம்மா படிச்சுக் காட்டினதுதான் வெனை. "அப்பா, அச்சுக்குப் போறதுக்குள்ள என்னென்ன தப்பு இருக்குன்னு பாத்து, சிவப்பு பென்சில்ல வட்டம் போட்டு அனுப்புங்க." இவ்வளவுதான் எழுதியிருக்கே. படம் புடிச்சிருக்குதான்னு நீ கேக்கல. உங்களையும் அம்மாவையும் வரைஞ்சிருக்கேனே, பாத்தீங்களான்னு கேக்கல. குத்திக்காட்டணும்னு நீ அத எழுதல, உனக்கு அந்தக் கொணம் கெடையாது. அப்பாகிட்ட ஒரு படத்தக் காட்டினா வேற எதக் கேக்க முடியும்னு நெனச்சு, ரொம்ப சாதாரணமா எழுதியிருக்கே. அது சாதாரணமா இருக்குறதுதான் எனக்கு அவமானமா போச்சு. திட்டி எழுதியிருந்தாகூட திருப்பி நாலு வார்த்த பேசியிருப்பேன்.

உன் வூட்டுக்கு வரப்போற பொண்ணும் இந்தக் கடுதாசியப் படிக்கணும். திட்டக்குடியில டீச்சரு வேல பாக்குற பொண்ணு, பீங்கான் சமாச்சாரம் அதுக்கு என்ன தெரியும். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேத்தே எழுதுறேன், பொறுத்துக்க. அம்மாடி, விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில நான் தரம் பாக்குற ஆளா இருந்தேன். கப்பு, சாசரு, தட்டு எல்லாம் வெள்ளையா வெந்து வந்ததும், பூவும் கொடியும் அச்சடிச்ச தாளத் தண்ணியில ஊறவச்சு, படத்த மட்டும் நழுவவிட்டு பீங்கான் மேல ஒட்டுவாங்க. டிரான்ஸ்பருன்னு சொல்லுவோம். அத மறுபடி சூளையில வச்சு எடுத்தா படம் பீங்கானோட படிஞ்சிடும், தேச்சாலும் போவாது. அப்படி வெந்து வர்றது எல்லாம் என் மேசைக்கு வரும். எதழுல சுருக்கம் இருக்குதா, அடியில காத்து நின்னு குமிழி விட்டுருக்குதா, செவப்பு கோட்டத் தாண்டி வெளிய வந்துடுச்சான்னு லென்ஸ வச்சுப் பாப்பேன். தப்பு இருந்தா சிவப்பு மெழுகு பென்சில்ல ஒரு வட்டம். வட்டம் விழுந்தத வெளிய விட்டா, யாராச்சும் சந்தையில மலிவா வித்து கம்பெனி பேரக் கெடுத்துடுவாங்கன்னு, வட்டம் போட்ட கையாலயே சுத்தியல எடுத்து ஒரு தட்டுத் தட்டி தொட்டியில போட்டுடணும். எங்க கம்பெனியில அதுதான் வழக்கம். சில்லு சேந்ததும் கேட்டுக்கு வெளிய இருக்குற குண்டுகுழி ரோட்டுல கொட்டி நெரவுவாங்க. அந்த ஆளுகிட்ட ஒண்ணும் தப்பாதுன்னு எனக்கு ஒரு பேரு. அந்தப் பேரு மேல எனக்கு ஒரு மயக்கம்.

தம்பி, செருப்ப வாசல்ல கழட்டி வுடுற மாதிரி அந்தக் கண்ணையும் கம்பெனியிலயே கழட்டி வச்சுட்டு வந்திருக்கணும். எனக்கு அது வரல. ஜவுளிக்கடையில குடுத்த காலண்டரு முருகன் வூட்டுக்கு வந்த அன்னிக்கே, "மயில் கழுத்துப் பச்சை எடம் மாறிக் கெடக்குது பாரு"ன்னு ஆரம்பிச்சுடுவேன். நல்ல நாளும் அதுவுமா சாமிப் படத்தப் போயி கொற சொல்றீங்களேன்னு உங்கம்மா கன்னத்துல போட்டுக்குவா. சாமியச் சொல்லல, அச்சச் சொல்றேன்னு நான் வாதம் பண்ணுவேன். நீ நடுவுல நின்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாப்பே.

வாரப் பத்திரிகை வர்ற நாள்ல நீயும் உங்கம்மாவும் ஒண்ணா உக்காருவீங்க, ஞாபகம் இருக்குதா. தொடர்கதையப் படிக்கிறதுக்கு முன்னால அவ படத்ததான் ரொம்ப நேரம் பாப்பா. "இவ இன்னும் அழுவல, ஆனா அழப்போறா, உதட்டப் பாரு"ன்னு சொல்லுவா. நீ, "இல்லம்மா, அவங்க கோவத்துல இருக்காங்க, புருவத்தப் பாரு"ன்னுவே. கதை என்ன சொன்னாலும் உங்களுக்கு அக்கறையில்ல, படத்துலேருந்து நீங்க ஒரு கதை கட்டி வச்சிருப்பீங்க. ஒரு நாள் நான் லென்ஸக் கொண்டாந்து அந்தப் பொம்பள மூஞ்சி மேல வச்சு, "பாருடா, கண்ணும் இல்ல உதடும் இல்ல, எல்லாம் கறுப்புப் புள்ளி"ன்னு காட்டினேன். உனக்கு சந்தோஷம் தாங்கல. லென்ஸ என் கையிலேருந்து புடுங்கி கிட்ட வச்சே, அப்புறம் லென்ஸ எடுத்துட்டு பத்திரிகையத் தள்ளிப் புடிச்சே. "கிட்டப் பாத்தா புள்ளிப்பா. தள்ளிப் பாத்தா அழுவறாங்கப்பா"ன்னு சொன்னே. ஒரு சின்னப் புள்ள தானா கண்டுபுடிச்ச விஷயம் அது. நான் உன்னத் தூக்கிக் கொஞ்சியிருக்கணும். "தள்ளிப் புடிச்சா தப்புத் தெரியாது. கிட்டப் புடி"ன்னு சொல்லிட்டு குளிக்கப் போயிட்டேன்.

உள்ரூம்புல மாட்டியிருக்குற லட்சுமி படத்த எடுத்துக்க. உங்கம்மா நல்லூர்லேருந்து கல்யாணச் சீரோட கொண்டாந்தது. அவங்க வூட்டுல அதுக்கு முந்தி எத்தினி வருஷமா இருந்துச்சோ, சீமையில அச்சாகிக் கப்பல்ல வந்த படம்னு அவங்கப்பா பெருமையாச் சொல்லுவாரு. அதுல தாமரைக்குப் போட்ட செவப்பு ஒரு நூலு கீழ எறங்கி நிக்கும். வூட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் அதத்தான் காட்டுவேன். சீமைக்காரனும் சறுக்கியிருக்கான் பாருங்கன்னு சிரிப்பேன். ஒரு தரம் உங்க மாமா முன்னாலயே சொல்லிட்டேன் போல. எல்லாரும் போனப்புறம் உங்கம்மா, "உங்க கண்ணுக்குத் தப்பு தெரியுது, படம் தெரியல"ன்னு சொன்னா. எனக்கு அது பெரிய பாராட்டாப் பட்டுச்சு. கம்பெனியில போயிக்கூட சொல்லிச் சிரிச்சேன்.

சேத்தியாத்தோப்பு போற வழியில ஒரு பழைய கோயில் இருக்குதே, மண்டபத்து மேக்கூரையில சித்திரம் எழுதியிருக்குமே, அங்க ஒரு தரம் போனோம். வெளக்குப் பொகையும் மழத்தண்ணியும் பட்டு பாதிக்கு மேல உதுந்து போன சித்திரம். நீ கல் தரையில மல்லாந்து படுத்துக்கிட்டே. ஊர்வலம் போவுதுப்பா, யானை போவுது, பின்னால யாரோ கொட போட்டுக்கிட்டு வராங்க, கொட மட்டும் இருக்குது ஆளக் காணோம்னு அடுக்கிக்கிட்டே போனே. எனக்கு பஸ்ஸு போயிடுமேன்னு கவல. "உதுந்து போனத என்னத்தடா பாக்குறது, சட்டை அழுக்காவுது எழுந்திரு"ன்னு கையப் புடிச்சு இழுத்தேன். அன்னிக்கு அந்த பஸ்ஸு நேரத்துக்கு வரவும் இல்ல. வெய்யில்ல நின்னோம்.

மெட்ராஸ் மியூசியத்துல நடந்தது இதவிட மோசம். பெரிய பெரிய எண்ணெய் வண்ணப் படங்க, வெள்ளக்கார தொரைங்க, ராஜாங்க, பட்டுச் சேல கட்டின பொம்பளைங்க. நீ ஹாலுக்கு நடுவுல வாயத் தெறந்துக்கிட்டு நின்னே. நான் நேராப் போயி மூக்கு இடிக்குற மாதிரி நின்னு, "தம்பி இங்க வா, வண்ணம் கட்டிகட்டியா அப்பியிருக்குது. நம்ம கம்பெனியா இருந்தா இது கழிவு"ன்னு சத்தமா சொன்னேன். காவக்காரரு, "தள்ளி நில்லுங்க பெரியவரே"ன்னு அதட்டினாரு. பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தா நீ அந்தக் கோடியில வேற யாரோ குடும்பத்தோட சேந்து வந்த புள்ள மாதிரி, வேற படத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறே. எனக்குக் கோவம் வந்துச்சு. பெத்த அப்பனுக்கு வெக்கப்படுறான் பாருன்னு ஊரு வந்து சேர்ற வரைக்கும் உன்கூடப் பேசல. காவக்காரரு சொன்ன வார்த்தயும், நீ சின்னதுல லென்ஸ வச்சுக்கிட்டு சொன்ன வார்த்தயும் ஒண்ணுதான்னு அன்னிக்கு எனக்கு உறைக்கல. சரி, இத எல்லாம் நான் எழுதுறது சுத்தி வளைக்கத்தான். சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்குது. அதுக்குதான் இத்தன தாளு கிழிஞ்சது.

நீ பத்தாவது படிக்கிறப்ப, பரிச்ச லீவுல கம்பெனிக்கு எனக்குச் சோறு கொண்டாருவே. டிரான்ஸ்பரு ஒட்டுற எடத்துல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. டிரான்ஸ்பரு போறாத எடத்துல கையால வண்ணம் வைக்கிறது அதுதான். நீ அதுகிட்ட உக்காந்து வேடிக்க பாப்பே. ஒரு வெள்ளத் தட்டும் கொஞ்சம் வண்ணமும் வாங்கி நீயே வரைஞ்சிருக்கே. ஸ்டெல்லா அத மத்த தட்டுங்களோட சேத்து சூளைக்கு அனுப்பியிருக்குது. மேசையில எடுத்துப் பாத்து அப்பா அசந்து போவணும்னு உங்க ரெண்டு பேருக்கும் திட்டம். அன்னிக்கு நீ சோத்துத் தூக்க வச்சுட்டுப் போவாம செவுத்தோரமா நின்னே. ஸ்டெல்லாவும் வேலைய வுட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மானேஜரு வேற எதுக்கோ வந்து என் பக்கத்துல நின்னாரு.

தட்ட எடுத்தேன். உங்கம்மா மொறத்த மடியில வச்சுக்கிட்டு அரிசி பொடைக்கிறா. தலையக் குனிஞ்சிருக்குறா. மூக்குத்தி இருக்குது. பொடைக்கிறப்ப நாக்கு நுனியப் பல்லுல கடிச்சுக்குவாளே, அதக்கூட வச்சிருந்தே. சுத்தி நீலத்துல ஒரு வளையம் இழுத்திருந்தே, அது ஆரம்பிச்ச எடத்துல வந்து சேராம விலகி நின்னுச்சு. வண்ணம் மொறத்துக்குக் கீழ வழிஞ்சிருந்துச்சு. கன்னத்துல ஊசி குத்தினாப்பல ஒரு ஓட்டை. நான் அந்தக் கன்னத்துல வட்டம் போட்டேன். போட்டுட்டு சுத்தியல எடுத்து ஒடைச்சேன்.

வூட்டுக்கு வர்ற வழியில சைக்கிள் பின்னால உக்காந்துக்கிட்டு நீ கேட்டே. "அப்பா, மொறத்தோட ஒருத்தங்க இருந்த தட்டு வந்துதே, பாத்தீங்களா?"

"எத்தினியோ தட்டு வருது. எதக் கண்டேன்?"

"அது நான் போட்டதுப்பா. நம்ம அம்மா."

"அடடா. பாக்கலியேடா. தெரியாம ஒடைச்சிட்டேனே."

அப்புறம், "பரவால்லப்பா. கன்னத்துல ஓட்டை இருந்துச்சுல்ல. ஒடைக்க வேண்டியதுதான்"ன்னு சொன்னே. என் முதுகத் தட்டிக்கூடக் குடுத்தே. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீ எனக்கு ஆறுதல் சொன்னே.

தம்பி, எனக்குத் தெரியும். எடுத்த ஒடனே தெரிஞ்சுது. கூட குடித்தனம் பண்றவ மூஞ்சி எனக்குத் தெரியாமப் போவுமா. நீ செவுத்தோரமா நிக்கிறதும், ஸ்டெல்லா கண்ணக் கொட்டாம பாக்குறதும் எதுக்குன்னு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு. மானேஜரு பக்கத்துல நிக்கிறாரு. சொந்தப் புள்ளையோடதுன்னா வுட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடுவானோன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் நெனச்சேன். அது விக்கப்போற தட்டா, எந்தக் கடைக்குப் போவப்போவுது. வட்டம் போடாம எடுத்து தனியா வச்சிருந்தா மானேஜரே சிரிச்சிட்டுப் போயிருப்பாரு. என் பேர நான் காப்பாத்திக்கிட்டேன். அப்புறம் உன்கிட்ட பொய் சொல்லி இன்னொரு தரம் காப்பாத்திக்கிட்டேன். இன்னும் ஒண்ணு இருக்குது. கன்னத்துல ஓட்டை இருந்துச்சுன்னு நீ சொன்னப்ப, என் புள்ள கரெக்டா கண்டுபுடிச்சிருக்கானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள பெருமைகூட வந்துச்சு.

அந்தத் தொட்டிச் சில்லயும் வழக்கம்போல ரோட்டுலதான் கொட்டினாங்க. ரிட்டையராவுற வரைக்கும் அது மேலதான் சைக்கிள் ஓட்டினேன். ஸ்டெல்லா கல்யாணமாயி வேலைய வுட்டுப் போற வரைக்கும் என்கூட வேலையத் தவுத்து ஒரு வார்த்த பேசல. நீ பேசினே, சிரிச்சே, எல்லாம் பண்ணினே, ஆனா படம் காட்டுறத நிறுத்திட்டே. நான் உள்ள வந்தா நோட்டு தலவாணிக்கு அடியில போயிடும். உங்கம்மாவுக்கு மட்டும் எல்லாம் காட்டுவே, அடுப்படியில ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்குவீங்க, நான் வந்தா சோறு போடட்டுமான்னு கேப்பா. உன் படம் முத முதல்ல வாரப் பத்திரிகையில வந்துதே, அன்னிக்கு உங்கம்மா தெருவுக்கே காட்டிட்டு வந்தா. நான் யாரும் இல்லாத நேரத்துல எடுத்துப் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன். நீ லீவுக்கு வந்தப்ப வேற ஒண்ணும் சொல்லத் தெரியாம, "அச்சு பிளாக்கு சரியா எடுக்கல, நெழலெல்லாம் அடைஞ்சு போச்சு"ன்னு சொன்னேன். "ஆமாம்ப்பா"ன்னுட்டு எழுந்து போயிட்டே.

இப்ப இந்த வாரத்துக்கு வரேன். உன் படம் வந்த நேரம் என் கண்ணாடிக் காலு ஒடைஞ்சு கடையில கெடந்துச்சு. இந்த வயசுக்குக் கண்ணாடி இல்லன்னா கிட்ட இருக்குறது எல்லாம் கலங்கித்தான் தெரியுது. கைய எவ்வளவு நீட்டினாலும் போறல. அதுக்குள்ள உங்கம்மா அத வாங்கிட்டுப் போயி, நாலு மூலையிலயும் சோத்துப் பருக்கைய வச்சு அடுப்படிக் கதவு பக்கத்துல செவுத்துல ஒட்டிட்டா. "அடியே, அது அச்சுக்குப் போற படம்"னு கத்தினேன். "போவட்டும், அதுவரைக்கும் எங்க வூட்டுல இருக்கட்டும்"ன்னா. நான் ஈஸிசேருல உக்காந்தா நேரா அதுதான் தெரியும். வேற வழி இல்லாம, வாழ்க்கையில மொதல் தரமா ஒரு படத்தத் தள்ளி நின்னு பாத்தேன்.

நம்ம வூட்டு வாசல். ரெண்டு பக்கமும் வாழமரம். தூரத்துல சூளைப் பொகபோக்கி. உங்கம்மா சந்தனக் கிண்ணத்த ஏந்திக்கிட்டு நிக்கிறா, யாரோ தெரிஞ்சவங்க வராங்க போல, ஒரு அடி முன்னால எடுத்து வச்சிருக்கா. பக்கத்துல நான் கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன். வாயெல்லாம் பல்லா சிரிக்கிறேன். வர்றவங்கள, வாங்க வாங்கன்னு கூப்புடுற மூஞ்சி அது. யாருகிட்ட குத்தம் கண்டுபுடிக்கலாம்னு பாக்குற மூஞ்சி இல்ல. கூடத்துலயே உக்காந்து அந்த ஆளையே பாத்துக்கிட்டிருந்தேன். "நான் இப்படி எப்ப சிரிச்சேன்?"னு உங்கம்மாவக் கேட்டேன்.

"நீங்க எங்க சிரிச்சீங்க. சிரிச்சா நல்லா இருக்கும்னு போட்டிருக்கான் புள்ள."

எனக்கு அதுக்கு மேல தாங்கல. அந்தத் தட்டு சமாச்சாரத்த அவகிட்ட சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் ஒடைச்சேன்னு சொன்னேன். அவ கீரை உருவறத நிறுத்தல. "அன்னிக்கு புள்ள வந்து சொன்னப்பவே அது எனக்குத் தெரியும். ஒடைச்சதுகூட போவட்டும். என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னு புள்ளைகிட்ட சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல"ன்னா. இத்தன வருஷம் ஒரு வார்த்த கேக்காம எனக்குச் சோறு போட்டிருக்கா. எழுந்து வெளிய போயிட்டேன்.

மறுநாள் காலையில பஸ்ஸேறி அந்தப் பழைய கோயிலுக்குப் போனேன். நீ படுத்த மாதிரியே கல் தரையில துண்ட விரிச்சுப் படுத்தேன். காவலுக்கு இருந்தவரு ஓடியாந்து, "என்னங்க, மயக்கமா, சோடா வாங்கியாரட்டுமா"ன்னாரு. "ஒண்ணும் இல்லப்பா, படம் பாக்குறேன்"னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போயிட்டாரு. யானை இருக்குது. கொட இருக்குது. ஆளு இல்ல, உதுந்துபோச்சு, ஆனா கொட சாஞ்சிருக்குற சாய்ப்புலயே அத புடிச்சிக்கிட்டு நடக்குறவன் எவ்வளவு களைச்சுப் போயிருக்கான்னு தெரியுது. உனக்கு அது பன்னெண்டு வயசுலயே தெரிஞ்சிருக்கும். நான் உன்ன இழுத்துக்கிட்டுப் போயி வெய்யில்ல நிக்க வச்சேன். திரும்பி வந்து உங்கம்மாவோட லட்சுமியையும் தள்ளி நின்னு பாத்தேன். லட்சுமி தலையில தண்ணி ஊத்துற யானைங்க ரெண்டும் அந்தச் சாக்குல சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க. இத்தன வருஷம் ஒரே வூட்டுல இருந்தும் நான் அந்த யானைங்க மூஞ்சியப் பாத்ததில்ல. செவப்பு எறங்கியிருக்கறது இன்னமும் தெரியுது. தெரிஞ்சுட்டுப் போவட்டும். அன்னிக்கு எவனோ ஒருத்தன் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாள அச்சுக்கல்லு மேல வச்சு அழுத்தியிருப்பான், கையோ தாளோ கொஞ்சம் நழுவியிருக்கும். அவன் ஒடைச்சுப் போடாம கப்பலேத்தி வுட்டதாலதான் நல்லூர்ல ஒரு சின்னப் பொண்ணு தாமரக் கொளம்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வளந்திருக்கா.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. ஆனா நாளைக்கு உனக்கு ஒரு புள்ள பொறக்கும். செவுத்துல கரியால எதையாவது கிறுக்கிட்டு உன்ன வந்து இழுக்கும். அப்ப நாலு அடி பின்னால போயி நில்லு. மொதல்ல என்ன தெரியுதுன்னு அதுகிட்ட சொல்லு. யானைன்னா யானைன்னு சொல்லு. காலு மூணுதானே இருக்குதுன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதே. தப்பு கண்டுபுடிக்கிற கண்ணும் வேணும்தான், உன் தொழிலுக்கு அது இல்லாம முடியாது. அது ரெண்டாவதா வரட்டும். என்கிட்டேருந்து நீ எடுத்துக்கிட்டது அந்தக் கண்ணுதான், அத நல்லா வச்சிருக்கே. மத்தது எல்லாம் உங்கம்மாகிட்டேருந்து வந்தது.

படத்த இதோட வச்சு அனுப்புறேன். மூலையில சோத்துக் கறை இருக்கும், அது உங்கம்மா வேல. நான் எங்கயும் வட்டம் போடல. இப்ப எல்லாம் படிச்சுட்டே. அந்தத் தட்ட நான் தெரிஞ்சே ஒடைச்சவன்னு தெரிஞ்சதுக்கப்புறம், இந்த ஆளு நம்ம பத்திரிகையில நிக்க வேணாம்னு உனக்குத் தோணினா, என்ன எடுத்துடு. உங்கம்மா மட்டும் நிக்கட்டும், அவ ஒருத்தியே போதும் வாசலுக்கு. நான் ஏன்னு கேக்க மாட்டேன், யாராச்சும் கேட்டா எடம் பத்தலன்னு சொல்லிக்கிறேன். அப்படி இல்ல, நான் நிக்கலாம்னு நீ வுட்டேன்னா, அந்தச் சிரிப்ப மாத்தாதே. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல அந்த மாதிரி நிக்கப் பாக்குறேன். பழக்கம் இல்ல, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

கண்ணாடி நேத்து சாயங்காலம் வந்துடுச்சு. போட்டுக்கிட்டு கிட்டப் போயிப் பாத்தேன், கண்ணு சும்மா இருக்குமா. படத்துல ஒரு தப்பு இருக்குது. எங்கன்னு சொல்ல மாட்டேன். நீயாக் கண்டுபுடிச்சாலும் திருத்தாதே. படம் ரொம்ப நல்லா இருக்குதுடா தம்பி, அப்படியே அச்சுக்குக் குடு.

அப்பா